மூன்று அணாவும் இருபத்தைந்தாயிரம் ரூபாயும்

(வணிகர்களும் இளைஞர்களும் பெருமளவில் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பட்ஜெட் என்றதும் நம்மில் பலர் பத்திரிகையை மடித்து வைத்து விடுகிறோம். "அது படித்தவர்கள் விஷயம், ஆடிட்டர் பார்த்துக் கொள்வார்" என்கிறார் வியாபாரி. "எனக்குச் சம்பளமே இல்லை, எனக்கு எதற்கு வரி விஷயம்?" என்கிறார் இளைஞர். இருவரும் சொல்வது சரியல்ல. இந்த மண்டபத்தில் வரி கட்டாதவர் ஒருவர்கூட இல்லை. காலையில் பல் துலக்கிய பற்பசையிலே வரி இருக்கிறது. குளித்த சோப்பிலே வரி இருக்கிறது. இங்கு வந்து சேர்ந்த வண்டியின் பெட்ரோலிலே வரி இருக்கிறது. வேலை தேடி அலைகிற இளைஞர் பேருந்துக் கட்டணம் கொடுக்கும்போது, அந்தப் பேருந்து குடித்த டீசலின் வரியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

வரி கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. "சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது" என்பது நம் அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு கூறும் விதி. சட்டம் இயற்றுவது யார்? பாராளுமன்றம். ஆகவே நம் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டுமானாலும், எடுத்த ரூபாயைச் செலவிட வேண்டுமானாலும், அரசு பாராளுமன்றத்தின் வாசலில் வந்து நிற்க வேண்டும். அங்கே "ஏன்? எதற்கு? யாருக்கு?" என்று கேட்பதற்குத்தான் எதிர்க்கட்சி இருக்கிறது.

அப்படிக் கேட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன். அவர் பெயர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. கேட்ட ஆண்டு 1963.

1963 - எப்படிப்பட்ட ஆண்டு?

1962 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சீனாவோடு போர் நடந்தது. நாடு அவமானத்தால் குனிந்திருந்தது. அடுத்த பிப்ரவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பட்ஜெட் தாக்கல் செய்தார். பாதுகாப்புச் செலவுக்கு மட்டும் 867 கோடி ரூபாய் ஒதுக்கினார். அந்தக் காலத்தில் அது மலைப்பான தொகை. நாட்டைக் காக்கப் பணம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது?

குடிசையில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் மீது வரிச்சுமை ஏறியது. அத்தோடு "கட்டாய வைப்புத் திட்டம்" என்று ஒன்று வந்தது. வருமான வரி கட்டும் வசதியானவர்கள் மட்டுமல்ல. நிலவரி கட்டும் விவசாயி, சிறு கடைக்காரர், குறைந்த சம்பளக்காரர் ஆகியோரும் தங்கள் வருவாயில் ஒரு பங்கைக் கட்டாயமாக அரசிடம் போட்டு வைக்க வேண்டும் என்றார்கள். பிறகு திருப்பித் தருவோம் என்றார்கள். அன்றாடம் புரட்டிப் பிழைக்கிற சிறு வியாபாரிக்கு, முடங்கிப் போன முதல் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று பொற்கொல்லர்களின் அடுப்பை அணைத்தன.

இந்தச் சூழ்நிலையில் 1963 மே மாதத்தில் சில இடைத்தேர்தல்கள் நடந்தன. அம்ரோஹாவில் ஆச்சார்ய கிருபளானி வென்றார். ராஜ்கோட்டில் மினூ மசானி வென்றார். ஃபரூக்காபாத்தில் லோகியா வென்றார். மூவரும் எதிர்த்தரப்பு. மூவரும் பேச்சு வல்லவர்கள்.

யார் இந்த லோகியா?

உத்தரப் பிரதேசத்தின் அக்பர்பூரில் 1910-ஆம் ஆண்டு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனிக்குச் சென்று பெர்லின் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். எந்தப் பொருளில் ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? இந்தியாவின் உப்பு வரி! ஏழை தன் கஞ்சிக்குப் போடும் உப்பின் மீது வெள்ளைக்காரன் போட்ட வரியை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர், சுதந்திர இந்தியாவின் வரியையும் செலவையும் சும்மா விடுவாரா?

1936-இல் காங்கிரஸ் கட்சியின் வெளிநாட்டுத் துறையில் நேருவோடு பணியாற்றியவர். பின்னர் நேருவின் கடுமையான எதிர்ப்பாளர் ஆனார். 1962 பொதுத் தேர்தலில் நேருவை எதிர்த்து பூல்பூரில் நின்று தோற்றார். அவருடைய எல்லாக் கருத்தும் நமக்கு ஏற்புடையதல்ல. ஆங்கிலத்தை அகற்ற வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அவர். தமிழகத்தில் இருக்கும் நாம் அதில் அவரோடு சேர முடியாது. ஆனால் நல்ல கேள்வி யார் வாயிலிருந்து வந்தாலும் அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அறிவுடைமை.

கேள்வி எழுந்த நாள்

1963 ஆகஸ்ட் 19-ஆம் நாள் நேரு அரசின் மீது கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். இந்திய மக்களவை வரலாற்றில் அதுவே முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். நான்கு நாட்கள் விவாதம் நடந்தது. 1962 தேர்தலில் காங்கிரஸ் வென்ற இடங்கள் 361. தீர்மானம் தோற்கும் என்பது கொண்டு வந்தவருக்கும் தெரியும், எதிர்த்தவருக்கும் தெரியும்.

அந்த விவாதத்தில் லோகியா எழுந்தார். அவர் வைத்த கணக்கு இதுதான்: இந்த நாட்டின் மக்களில் நூற்றுக்கு அறுபது பேர், அதாவது 27 கோடிப் பேர், நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள். பிரதமருக்காக அரசு நாளொன்றுக்குச் செலவிடுவது இருபத்தைந்தாயிரம் ரூபாய்!

அணா என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. பதினாறு அணா ஒரு ரூபாய். 1957-இல் நயா பைசா வந்த பிறகும் மக்கள் வாயில் அணாக் கணக்கே இருந்தது. மூன்று அணா என்பது ஏறத்தாழ 19 காசு. இருபத்தைந்தாயிரம் ரூபாயை அணாவாக மாற்றினால் நான்கு லட்சம் அணா. மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஒரு லட்சத்து முப்பத்து மூன்றாயிரம் ஏழைகளின் ஒரு நாள் வாழ்க்கை அதில் அடங்கி விடும்!

சபை கொந்தளித்தது. இருபத்தைந்தாயிரம் என்ற கணக்கை அரசுத் தரப்பு ஏற்கவில்லை. மூன்று அணா என்பதும் முற்றிலும் தவறு என்று பிரதமர் நேருவே மறுத்தார். திட்டக் கமிஷனின் புள்ளிவிவரப்படி ஒருவரின் நாள் வருமானம் பதினைந்து அணா என்றார்.

மூன்று எங்கே, பதினைந்து எங்கே? யார் சொல்வது உண்மை? வியாபாரிகளே, இங்கேதான் உங்கள் கவனம் வேண்டும். ஏனென்றால் இது பேரேடு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே எளிதில் விளங்கும் விஷயம்.

சராசரி என்ற திரை

ஒரு கடைவீதியில் பத்துக் கடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று மொத்த வியாபாரக் கடை. அதன் ஒரு நாள் விற்பனை ஒரு லட்சம் ரூபாய். மற்ற ஒன்பதும் சின்னக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய் விற்பனை. மொத்தம் 1,09,000. பத்தால் வகுத்தால் கடைக்கு 10,900 ரூபாய். ஓர் அதிகாரி வந்து, "இந்தக் கடைவீதியில் ஒவ்வொரு கடைக்கும் பத்தாயிரத்துக்கு மேல் வியாபாரம் நடக்கிறது, எல்லோரும் அதற்கேற்ற வரி கட்டுங்கள்" என்றால் ஒத்துக் கொள்வீர்களா? அவர் போட்ட கூட்டலில் பிழை இல்லை. வகுத்தலிலும் பிழை இல்லை. ஆனால் அந்த வீதியில் 10,900 ரூபாய்க்கு வியாபாரம் செய்யும் கடை ஒன்றுகூட இல்லை!

பதினைந்து அணாவின் கதையும் இதுதான். பதினைந்து அணாவை 365 நாளுக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு 342 ரூபாய் வரும். அது ஆலை முதலாளியையும் கூலித் தொழிலாளியையும் ஒரே தட்டில் போட்டு, நாட்டின் மொத்த வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்த கணக்கு. "நான் எல்லோரையும் பற்றிக் கேட்கவில்லை, அடித்தட்டில் இருக்கும் அறுபது விழுக்காட்டினரைப் பற்றிக் கேட்கிறேன், அவர்களுக்கு எவ்வளவு?" என்பதே லோகியாவின் வாதம்.

அவர் விடவில்லை. 1963 செப்டம்பரில் இதன் மீது மக்களவையில் மீண்டும் விவாதம் வந்தது. அப்போது அரசுத் தரப்பில் குல்சாரிலால் நந்தா, அடித்தட்டு அறுபது விழுக்காட்டினருக்கு ஏழரை அணா என்ற கணக்கைச் சொன்னார்.

எண்ணிப் பாருங்கள் சகோதரர்களே! ஆகஸ்ட் மாதத்தில் பதினைந்து அணா. செப்டம்பரில் ஏழரை அணா. ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் ஒரே கேள்வியில் பாதி கரைந்து விட்டது! மூன்று அணாவைப் பலர் மிகைக் கணக்கு என்றார்கள். இருக்கட்டும். அரசு சொன்ன ஏழரை அணாவையே எடுத்துக் கொள்வோம். மாதத்துக்கு எவ்வளவு? 225 அணா, அதாவது பதினான்கு ரூபாய். இதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1962 ஜூலையில், அரசின் திட்டக் கமிஷன் கூட்டிய வல்லுநர் குழு ஒன்று, ஒருவர் உயிர் வாழக் குறைந்தபட்சம் மாதம் இருபது ரூபாய் தேவை என்று கூறியிருந்தது. குறைந்தபட்சத் தேவை இருபது. அரசே ஒப்புக் கொண்டது பதினான்கு. அரசின் கணக்கை அப்படியே நம்பினாலும், நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் சராசரியாக, உயிர் வாழத் தேவையான அளவுக்குக் கீழே இருந்தார்கள்! அவர்கள் எரித்த மண்ணெண்ணெய்க்கும் சேர்த்துத்தான் வரி போடப்பட்டது.

தோற்றவர்கள் சாதித்தது என்ன?

ஆகஸ்ட் 22-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 62 வாக்குகள். எதிராக 347. தீர்மானம் படுதோல்வி! "கத்தி என்ன பயன்? தோற்றுத்தானே போனார்கள்?" என்று கேட்கத் தோன்றும். நம் சமுதாயத்திலும் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. "நமக்கு அங்கே எத்தனை பேர்? இரண்டு பேரா, மூன்று பேரா? அவர்கள் பேசி என்ன ஆகப் போகிறது?" என்கிறோம்.

என்ன ஆயிற்று என்று பார்ப்போம். ஆகஸ்ட் மாத இறுதியிலேயே காமராஜர் திட்டத்தின் கீழ் பதவி விலகியவர்களில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயும் ஒருவர். அந்த இடத்துக்கு வந்தவர் நம் தமிழகத்தின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் வந்த சில வாரங்களுக்குள், செப்டம்பர் மாதத்திலேயே, கட்டாய வைப்புத் திட்டத்தை வருமான வரி செலுத்துவோருக்கு மட்டும் வைத்துக் கொண்டு மற்றவர்களுக்கு விலக்கிக் கொண்டார். சிறு விவசாயியும் சிறு கடைக்காரரும் மூச்சு விட்டார்கள். இது லோகியா ஒருவரால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நாடு முழுவதும் எதிர்ப்பு இருந்தது. ஆளும் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. இடைத்தேர்தல் தோல்விகள் இருந்தன. ஆனால் வெளியே இருந்த குமுறல், சபைக்குள்ளே கணக்காகவும் கேள்வியாகவும் ஒலித்ததை யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. திட்டங்களால் பெருகிய வருமானம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஆராய, பேராசிரியர் மஹலநோபிஸ் தலைமையில் 1960-இலேயே அரசு ஒரு குழு அமைத்திருந்தது. அதன் அறிக்கை 1964-இல் வந்தது. பொருளாதார பலம் சிலர் கையில் குவிந்திருப்பதை அதுவும் சொன்னது. அதே ஆண்டு ஏகபோக விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 62 வாக்குகளோடு தோற்ற கேள்விக்கு நாடு பதில் தேடத் தொடங்கி விட்டது. அதன் பிறகு வறுமையைப் பற்றி இந்த நாட்டில் யார் பேசினாலும், "சராசரியைச் சொல்லாதே, கீழே இருப்பவனுக்கு எவ்வளவு என்று சொல்" என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இங்கே நேருவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு இருந்த பெரும்பான்மைக்கு, "போய்யா" என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. தன்னைப் பற்றிய கணக்கைத் தன் முகத்துக்கு நேராகச் சொல்ல விட்டார். எழுந்து பதில் சொன்னார். பதில் சொன்னதால்தான் அந்தப் பதிலைச் சோதிக்க முடிந்தது. கேட்பவனுக்குத் துணிச்சல் வேண்டும் என்றால், ஆள்பவனுக்குக் காது வேண்டும்.

லோகியாவின் ஆயுதங்கள்

அவர் என்ன செய்தார் என்று கூர்ந்து பாருங்கள். மேசையில் ஏறவில்லை. காகிதத்தைக் கிழித்து எறியவில்லை. மூன்று காரியங்கள் செய்தார்.

முதலாவது, ஆயிரம் குற்றச்சாட்டுகளை அடுக்காமல், எளிய மனிதனுக்கும் புரிகிற ஒரே கணக்கைப் பிடித்தார். கோடிகளில் சொன்னால் யாருக்கும் மனதில் தைக்காது. அணாவில் சொன்னார், தைத்தது.

இரண்டாவது, வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஐந்தொகை போடத் தெரிந்தவர் நீங்கள். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். யாரிடம் வாங்குகிறாய், யாருக்குச் செலவழிக்கிறாய்? இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால்தான் நியாயம் தெரியும்.

மூன்றாவது, மறுத்ததும் சோர்ந்து போகவில்லை. பதில் வந்ததும் அந்தப் பதிலுக்குள் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடுத்த மாதமும் கேட்டார்.

இதற்குப் பாராளுமன்றத்தில் வழிகள் இருக்கின்றன. அவை சாதாரண மக்களுக்குத் தெரிவதில்லை. கேள்வி நேரம் இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நேரடிப் பதிலுக்கும், 230 கேள்விகள் எழுத்துப் பதிலுக்கும் எடுத்துக் கொள்ளப்படுகின்றன. வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. ஓர் அமைச்சகம் கேட்கும் தொகையை ஒரு ரூபாயாகக் குறை என்று தீர்மானம் கொடுத்தால், "உன் கொள்கையையே நான் ஏற்கவில்லை" என்று பொருள். நூறு ரூபாய் குறை என்றால், "உன் நிர்வாகத்தில் இன்ன குறை இருக்கிறது, பதில் சொல்" என்று பொருள்.

செலவழித்த பிறகு தணிக்கை செய்ய, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். அவருடைய அறிக்கையை ஆராயப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், மொத்தம் 22 பேர். அமைச்சர் எவரும் அதில் இருக்க முடியாது. 1967-ஆம் ஆண்டு முதல் அதன் தலைவராக எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரை அமர்த்தும் மரபு தொடங்கியது. அப்படி முதலில் அமர்ந்தவர், 1963 இடைத்தேர்தலில் வென்று வந்த அதே மினூ மசானிதான்!

இன்று நடப்பது என்ன?

சாவி கையில் இருக்கிறது. பூட்டைத் திறக்க ஆள் இல்லை. 2018 மார்ச் மாதத்தில் மத்திய பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் கூச்சல் குழப்பத்துக்கிடையில் விவாதமின்றி மக்களவையில் நிறைவேறின. 2023 மார்ச் மாதத்தில் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் அதே போல் விவாதமின்றி, சில நிமிடங்களில் நிறைவேறின. இதற்குப் பாராளுமன்ற மொழியில் "கில்லட்டின்" என்று பெயர். பிரெஞ்சு நாட்டில் தலையை வெட்டிய இயந்திரத்தின் பெயர் அது. இங்கே வெட்டுப்படுவது விவாதத்தின் தலை!

ஆளும் தரப்பை மட்டும் குறை சொல்லி நான் போய் விட மாட்டேன். 2023-இல் இரு தரப்பும்தான் கூச்சலிட்டன. கூச்சல் போடுவதற்கான காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க வேண்டிய நாளைக் கூச்சலில் கழித்தால் யாருக்கு லாபம்? பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் லாபம்! 1963-இல் நான்கு நாட்கள் பேசினார்கள். அரசு பதில் சொல்லியாக வேண்டி வந்தது. பேசாத இடத்தில் அரசுக்குச் சிரமமே இல்லை.

ஓர் உதாரணம் தருகிறேன். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. குளிக்கும் சோப்புக்கும் பற்பசைக்கும் 18 விழுக்காடு வரி. கோடீஸ்வரரும் அதே 18, கூலித் தொழிலாளியும் அதே 18. 2025 செப்டம்பர் 22-ஆம் நாள்தான் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைத்ததை வரவேற்போம். ஆனால் எட்டு ஆண்டுகளாக ஏழையின் சோப்பில் வசூலித்தார்களே, அது சரியென்றால் ஏன் குறைத்தார்கள்? தவறென்றால் ஏன் எட்டு ஆண்டுகள் ஆயின? "மொத்த வசூல் இத்தனை லட்சம் கோடி" என்று மாதா மாதம் கணக்குச் சொல்கிறார்கள். அதில் அடித்தட்டு அறுபது விழுக்காட்டினர் கட்டியது எவ்வளவு, அவர்களுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு? 1963-இல் லோகியா கேட்ட அதே கேள்விதான். அணா மட்டும்தான் போய் விட்டது, கேள்வி போகவில்லை.

நாம் செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களே! வரி ஏறும்போது கடையடைப்பு நடத்துகிறோம். ஒரு நாள் வியாபாரம் போகிறது. மறுநாள் எல்லோரும் மறந்து விடுகிறார்கள். கடையடைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு சேர்த்து, உங்கள் சங்கத்தில் ஒரு கணக்குத் தயாரியுங்கள். இன்ன பொருளுக்கு இன்ன வரி, அதனால் சிறு கடைக்கு மாதம் இத்தனை ரூபாய் முடங்குகிறது, வாங்குகிற ஏழைக்கு இத்தனை ரூபாய் கூடுகிறது என்று எழுதுங்கள். பத்துக் கடைகளின் உண்மைக் கணக்கைச் சேர்த்து, உங்கள் தொகுதி பாராளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் கையில் கொடுங்கள். அவர் கேள்வி கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். நம் கணக்கில் கள்ளம் இருந்தால் அரசின் கணக்கைக் கேட்க நமக்கு வாய் இருக்காது. முறையாகப் பில் போட்டு, முறையாக வரி கட்டுகிறவனுடைய கேள்விக்குத்தான் கனம் உண்டு.

இளைஞர்களே! சினிமா நடிகரின் படம் எத்தனை கோடி வசூல் என்று உங்களில் பலர் மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். உங்கள் நகராட்சியின் ஆண்டு வரவு செலவு எவ்வளவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் தெருவில் சாக்கடை கட்ட ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று தெரியுமா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. மனு எழுதத் தெரிந்தால் போதும். பாராளுமன்றத்தில் அமைச்சர்கள் தரும் பதில்களும், தணிக்கை அறிக்கைகளும் இன்று யாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. லோகியா காலத்தில் ஒரு புள்ளிவிவரத்துக்காக நூல்நிலையங்களில் தவம் கிடக்க வேண்டும். இன்று அது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்கே வந்து விடுகிறது.

ஊருக்கு ஐந்து இளைஞர்கள் போதும். பட்ஜெட் வரும் நாளில் கூடி உட்காருங்கள். சிறுபான்மையினர் கல்வி உதவித் தொகைக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, மருத்துவமனைக்கு எவ்வளவு என்று சென்ற ஆண்டு ஒதுக்கியதை ஒரு பக்கம் எழுதுங்கள். உண்மையில் செலவழித்ததை மறு பக்கம் எழுதுங்கள். ஒதுக்கியதாகத் தலைப்புச் செய்தி வரும். செலவழிக்காமல் திருப்பி அனுப்பியது உள்பக்கத்தில்கூட வராது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. கண்டுபிடித்ததைக் கடைவீதியில் சொல்லுங்கள், கூட்டத்தில் சொல்லுங்கள், உறுப்பினரிடம் சொல்லுங்கள்.

நாம் எண்ணிக்கையில் குறைவு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். 347-க்கு எதிரே 62 பேர்தான் நின்றார்கள். அந்த 347 பேரில் எத்தனை பேரின் பெயர் இன்று உங்களுக்குத் தெரியும்? ஆனால் மூன்று அணாக் கணக்கு இன்னும் பேசப்படுகிறது. எண்ணிக்கை வாக்கெடுப்பில் வெல்லும். சரியான கணக்கோ வாக்கெடுப்பு முடிந்த பிறகும் நிற்கும்.

அடுத்த பட்ஜெட் வருவதற்குள், இந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு நேர்மையான கணக்கு, ஒரே ஒரு சரியான கேள்வி புறப்படட்டும். அதை எழுதும் பேனா உங்கள் கடை மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. நாளைக் காலை கடை திறந்ததும் எடுங்கள்!